கேளாமல் தீர்ப்பிடலாமோ? – போதைப்பொருள் கொள்கையும் நம் சபைத் தீர்மானங்களும்

நம் சபைகளின் கூட்டங்களில் மிக எளிதாக நிறைவேறுவது போதைப்பொருள் எதிர்ப்புத் தீர்மானமே. ஒருவர் முன்மொழிவார், மற்றொருவர் வழிமொழிவார், மறுப்பும் எழாது, விவாதமும் எழாது. ஆலயக் கூரையைப் பழுதுபார்க்கும் செலவுக்காக ஒரு மணி நேரம் வாதிடும் சபையார், இளைஞரின் வாழ்வையும் சிறையையும் தொடும் இப்பொருளைச் சில நிமிடங்களில் முடித்துவிடுகிறோம். இந்த ஒருமனப்பாடு நம் ஒழுக்க உணர்வுக்குச் சான்று என்று நாம் நெடுங்காலம் எண்ணியிருந்தோம். இப்போது அவ்வெண்ணத்தை ஐயத்தோடு நோக்க வேண்டியவர்களாயிருக்கிறோம்.

இக்கட்டுரையில் மூன்று ஆவணங்களைத் திறனாய்வுக்கு எடுத்துக்கொள்கிறோம். முதலாவது, 1893–94 ஆம் ஆண்டுகளில் பணியாற்றிய இந்தியக் கஞ்சா விசாரணைக் குழுவின் அறிக்கை. இரண்டாவது, 1985 ஆம் ஆண்டுப் போதைப்பொருள் மற்றும் உளவெறியூட்டும் பொருள்கள் சட்டம். மூன்றாவது, புதுக்கோட்டை மாவட்டம் வல்லத்திராக்கோட்டை வட்டாரத்தில் நாம் ஆயர்பணி செய்த சிறிய சபையொன்றின் நடவடிக்கைப் புத்தகத்தில் ஒரு பக்கம். முன்னிரண்டும் அரசின் ஆவணங்கள். மூன்றாவதன் கீழ் இருப்பது நம் கையொப்பம்.

அளவுகோல்

மூன்றையும் ஒரே அளவுகோலால் அளக்க விரும்புகிறோம். அது யோவான் 7 ஆம் அதிகாரத்தில் உள்ளது. இயேசுவைப் பிடித்துவரச் சென்ற காவலர் வெறுங்கையராய்த் திரும்பியபோது, ஆலோசனைச் சங்கத்தார் அவரைக் கேளாமலே குற்றவாளி என்று முடிவு செய்திருந்தனர். அப்போது நிக்கொதேமு ஒரே ஒரு கேள்வி கேட்கிறார்: ஒரு மனிதனுடைய வாய்மொழியைக் கேட்டு, அவன் செய்ததை அறியுமுன் நம் சட்டம் அவனைத் தீர்ப்பதுண்டோ? அவர் இயேசுவின் பக்கம் நின்று வாதாடவில்லை. குற்றமற்றவர் என்றும் சொல்லவில்லை. கேட்க வேண்டும் என்று மட்டுமே சொன்னார். அதற்கே அவர் ஏளனத்துக்கு ஆளானார்.

கேளாமுன் விடையளிப்பதைப் புத்தியீனம் என்றும் வெட்கம் என்றும் நீதிமொழிகள் 18:13 கண்டிக்கிறது. முதலில் வழக்குரைப்பவன் நியாயவானாகத் தோன்றினும் எதிராளி வந்து சோதிக்கிறான் என்பது அதே அதிகாரத்தின் 17 ஆம் வசனம் தரும் எச்சரிக்கை. அப்போஸ்தலர் 15 ஆம் அதிகாரத்து எருசலேம் சங்கத்தில் நீண்ட தர்க்கத்துக்குப் பின்னரே பேதுரு எழுகிறார். கூட்டத்தார் அமைதியாயிருந்து பர்னபாவும் பவுலும் கூறியவற்றைக் கேட்கின்றனர். யாக்கோபின் முடிவு கடைசியில்தான் வருகிறது. ஆகவே, கேட்டு ஆராய்தல் திருச்சபைக்கு உலகத்தாரிடமிருந்து வந்த புது வழக்கமன்று. அது திருச்சபையின் முதல் சங்கத்தின் ஒழுங்கு. யாரைக் கேட்டு இம்முடிவு எடுக்கப்பட்டது என்பதே நாம் ஒவ்வோர் ஆவணத்திடமும் கேட்கப்போகும் கேள்வி.

முதல் ஆவணம்: 1894 ஆம் ஆண்டு அறிக்கை

1893 மார்ச்சில் பிரிட்டிஷ் பாராளுமன்றத்தில் இந்தியாவின் கஞ்சாப் பழக்கம் பற்றிக் கேள்வி எழுந்தது. எழுப்பியவர் டபிள்யூ. எஸ். கெய்ன், பாப்டிஸ்ட் சபையைச் சார்ந்தவர், மதுவிலக்கு இயக்கத்தில் முன்னணியில் நின்றவர். கஞ்சா மனிதரைப் பித்தராக்குகிறது, இந்தியாவின் மனநோய் விடுதிகள் அதனால் நிரம்புகின்றன என்ற கருத்து அந்நாளில் பரவியிருந்தது. அதன்பேரில் இந்திய அரசாங்கம் எழுவர் கொண்ட குழுவை அமைத்தது. தலைவர் டபிள்யூ. மாக்வொர்த் யங். எழுவரில் மூவர் இந்தியர். அவருள் ஒருவர் கபுர்தலா அரச குடும்பத்தில் பிறந்து கிறிஸ்தவரான ஹர்நாம் சிங்; பிற்காலத்தில் விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் நலத்துறை அமைச்சரான ராஜகுமாரி அம்ரித் கௌரின் தந்தை. இக்கேள்வி எழுந்ததிலும் ஆராயப்பட்டதிலும் நம்மவர் பங்கு உண்டு என்பதை இறையியல் மாணவர் நினைவிற்கொள்ள வேண்டும்.

குழுவினர் சென்னை மாகாணம் உட்படப் பல மாகாணங்களில் சுற்றுப்பயணம் செய்தனர். நீண்ட கேள்வித்தாள் அனுப்பி எழுத்துமூலமான விடைகளைப் பெற்றனர்; பலரை நேரிலும் விசாரித்தனர். சாட்சியளித்தோர் 1,193 பேர். அரசு அலுவலர், மருத்துவர், நிலக்கிழார், வணிகர், மிஷனெரிமார் எனப் பலதரத்தாரும் அவருள் அடங்குவர். அறிக்கையும் சாட்சியங்களும் 7 தொகுதிகளாக அச்சேறின.

இவ்வறிக்கையின் சிறப்பை விளக்க ஒரு பகுதி போதும். 1892 ஆம் ஆண்டில் மனநோய் விடுதிகளில் சேர்க்கப்பட்டவருள் 222 பேருக்கு நோய்க்காரணம் கஞ்சா வகைப் பொருள்கள் எனப் பதிவேடுகள் கூறின. குழுவினர் அவ்வெண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. ஒவ்வொருவர் வரலாற்றையும் தனித்தனியே ஆராய்ந்தனர். காரணம் என்ற பத்தியைப் பெரும்பாலும் நிரப்பியவர் மருத்துவர் அல்லர். நோயாளியைக் கொண்டுவந்த காவலரோ, அனுப்பிய அலுவலரோ கேள்விப்பட்டதைக் கொண்டு நிரப்பியிருந்தனர். விடுதியார் அதையே படியெடுத்திருந்தனர். படிவத்தில் ஓர் இடம் காலியாயிருந்தது. அதில் கஞ்சா என்று எழுதுவது எளிதாயிருந்தது. ஆராய்ச்சியின் முடிவில் 222 என்பது 98 ஆகக் குறைந்தது. அவற்றுள்ளும் கஞ்சா ஒன்றே காரணம் எனக் கொள்ளத்தக்கவை 61 மட்டுமே.

மிதமான பயன்பாட்டினால் பெருந்தீங்கு விளைவதில்லை, மிகையான பயன்பாடு தீங்கு தரும், முழுத்தடை தேவையுமில்லை, விரும்பத்தக்கதுமில்லை. வரி, உரிமம், பயிரிடுவதில் கட்டுப்பாடு, கையில் வைத்திருக்கும் அளவுக்கு வரம்பு ஆகியவற்றால் ஒழுங்குபடுத்துவதே தக்கது என்பது குழுவின் முடிவு. அம்முடிவை ஏற்பதும் மறுப்பதும் வேறு. எழுதப்பட்டதெல்லாம் உண்மை என்று கொள்ளாமல், எழுதியவன் எவ்வாறு அறிந்தான் என்று கேட்ட அந்த உழைப்பைத்தான் நாம் வியக்கிறோம்.

அறிக்கையின் குறைகள்

ஆயினும் இவ்வறிக்கையைத் திருமறைபோல் தூக்கிப்பிடிப்போர் அதன் குறைகளையும் நோக்க வேண்டும். முதலாவது, குழுவை அமைத்த அரசாங்கமே கஞ்சாவின் மீது வரி பெற்று வந்த அரசாங்கம். முழுத்தடை வேண்டாம் என்ற முடிவு கருவூலத்துக்கும் இனிதாயிருந்தது. இந்திய உறுப்பினருள் இருவர் மாறுபட்ட குறிப்புகள் எழுதினர் என்பதையும், அவையும் அறிக்கையோடு அச்சிடப்பட்டன என்பதையும் மறக்கலாகாது.

இரண்டாவது, சாட்சியருள் கஞ்சா புகைப்போரைப் பற்றிப் பேசியவர் பலர். புகைப்போராய் நின்று பேசியவர் சிலரே. கணவனின் பழக்கத்தால் அடுப்பெரியாத வீட்டுப் பெண்ணின் குரல் அங்கு ஏறக்குறைய இல்லை. கேட்பதில் பெருமுயற்சி செய்த குழுவும் யாரைக் கேட்பது என்பதில் தன் காலத்தின் எல்லையைத் தாண்டவில்லை.

மூன்றாவது, மருத்துவ அறிவு அதன்பின் வளர்ந்துள்ளது. இளம்வயதில் தொடங்கி மிகுதியாகக் கஞ்சா பயன்படுத்துவோருக்கு மனச்சிதைவு போன்ற நோய்கள் வரும் வாய்ப்பு கூடுகிறது என்பதை இன்றைய ஆய்வுகள் காட்டுகின்றன. 1894 ஆம் ஆண்டு முடிவை இன்றைய பள்ளி மாணவனுக்கு அப்படியே பொருத்துவது பேதைமை. அறிக்கையிடமிருந்து நாம் கற்க வேண்டியது அதன் முறையை. அதன் முடிவை மீண்டும் ஆராய்ந்தே ஏற்க வேண்டும்.

இரண்டாவது ஆவணம்: 1985 ஆம் ஆண்டுச் சட்டம்

1961 ஆம் ஆண்டின் சர்வதேசப் போதைப்பொருள் ஒப்பந்தத்தில் இந்தியாவும் இணைந்தது. மரபாய் வழங்கிவந்த கஞ்சாப் பயன்பாட்டை முடிவுக்குக் கொண்டுவர 25 ஆண்டுத் தவணை அதில் அளிக்கப்பட்டிருந்தது. தவணை முடியும் காலம் நெருங்கியபோது இச்சட்டம் பிறந்தது. 1985 ஆகஸ்ட் 23 அன்று மசோதா மக்களவையில் கொண்டுவரப்பட்டது. செப்டம்பர் 16 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைத்தது. நவம்பர் 14 அன்று சட்டம் நடைமுறைக்கு வந்தது. மசோதாவுக்கும் ஒப்புதலுக்கும் இடையே ஒரு மாதம்கூட இல்லை. அந்நிய அரசாங்கம் ஓராண்டு அளவும் கேட்டு ஆராய்ந்த பொருளை, நம்முடைய சொந்த மக்களாட்சி சில வாரங்களில் முடித்துவிட்டது. இதனைச் சொல்ல நாணமாயிருப்பினும் சொல்லவே வேண்டும்.

அவசரத்தின் விளைவு பின்னர் புலப்பட்டது. பல குற்றங்களுக்கு அளவு வேறுபாட்டைப் பெரிதும் நோக்காமல் குறைந்தது 10 ஆண்டுச் சிறை என முதலில் விதிக்கப்பட்டது. 2001 ஆம் ஆண்டுத் திருத்தமே சிறு அளவு, இடைப்பட்ட அளவு, வணிக அளவு என்ற வகைப்பாட்டினால் தண்டனையைப் படிப்படியாக்கியது. கஞ்சாவுக்குச் சிறு அளவு 1 கிலோ வரை; வணிக அளவு 20 கிலோ முதல். 1989 ஆம் ஆண்டுத் திருத்தம் சில குற்றங்களை மீண்டும் செய்வோருக்குக் கட்டாய மரண தண்டனை விதித்தது. 2014 ஆம் ஆண்டில் அது நீதிமன்றத்தின் விருப்புரிமைக்கு விடப்பட்டது. கேட்டு ஆராய்ந்து எழுத வேண்டியதை, எழுதிவிட்டுப் பின்னர் திருத்திக்கொண்டே வந்திருக்கிறோம்.

எனினும் இச்சட்டத்தில் இரக்கத்துக்கு இடமே இல்லை என்பது தவறு. பிரிவு 39, சிறு அளவுக் குற்றத்தில் தண்டனைக்குரியவராகக் காணப்படும் போதை அடிமையை, அவர் சம்மதத்தோடு, சிகிச்சைக்காக விடுவிக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. பிரிவு 64ஏ, அத்தகையவர் அரசின் ஏற்புப் பெற்ற இடத்தில் தாமாகவே சிகிச்சை பெற முன்வந்தால் வழக்கிலிருந்து விலக்கு அளிக்கிறது. சட்டத்தின் கடுமையை அறிந்த நம்மில் எத்தனை பேர் இவ்விரு வாசல்களை அறிவோம்? 30 ஆண்டுகளுக்கு மேலாக அவை அங்கே இருக்கின்றன. 2022 ஆம் ஆண்டு வரை நாமும் அறியோம். அந்த அறியாமையின் விலையைத்தான் அடுத்த ஆவணம் சொல்கிறது.

மூன்றாவது ஆவணம்: நடவடிக்கைப் புத்தகத்தின் ஒரு பக்கம்

அந்த ஆண்டு ஆகஸ்டில் தமிழகமெங்கும் போதைப்பொருள் எதிர்ப்பு உறுதிமொழி எடுக்கப்பட்டது. வல்லத்திராக்கோட்டை வட்டாரத்தில் இருந்த நம் சிறு சபையிலும் ஞாயிறு ஆராதனைக்குப் பின் உறுதிமொழியை வாசித்தோம். சபையார் எழுந்து நின்று திரும்பச் சொன்னார்கள்.

அடுத்த மாதம் நம் சபை இளைஞர் ஒருவர் கைதானார். வயது 22. தந்தை இல்லை. திருப்பூரில் பனியன் தொழிலுக்குப் போய், இரவு வேலையில் பழகிய பழக்கத்தோடு ஊர் திரும்பியவர். தைலமரக் காட்டோரம் நண்பர் இருவரோடு உட்கார்ந்திருந்தபோது கைக்குள் அடங்கும் பொட்டலத்தோடு பிடிபட்டார். விற்றவர் யாரென்பது ஊருக்குத் தெரியும், அவர் பிடிபடவில்லை.

சபைக் கமிட்டி அவசரமாகக் கூடியது. அன்றைய தீர்மானம் இதுதான்: மேற்படி வாலிபர் சபையின் நற்பெயருக்குக் களங்கம் உண்டாக்கியபடியால் அவரைத் திருவிருந்திலிருந்தும் வாலிபர் சங்கத்திலிருந்தும் விலக்கி வைப்பது என ஒருமனதாய்த் தீர்மானிக்கப்பட்டது. முன்மொழிந்தவர் பெயரும் வழிமொழிந்தவர் பெயரும் உள்ளன. தலைவர் என்ற இடத்தில் நம் கையொப்பம் உள்ளது. கூட்டம் தொடங்கியது மாலை 6 மணி, முடிந்தது 6.20 என்றும் அப்பக்கமே கூறுகிறது.

இப்பக்கத்தை அதே அளவுகோலால் அளப்போம். யாரைக் கேட்டோம்? ஒருவரையும் கேட்கவில்லை. 1892 ஆம் ஆண்டு மனநோய் விடுதிப் படிவத்தில் கேள்விப்பட்டதை எழுதிய அலுவலரைப்போலவே நாமும் காலியிடத்தை நிரப்பினோம். கமிட்டியில் இருந்தோருள் மாலைதோறும் மதுக்கடைக்குச் சென்று திரும்புவோரும் உண்டு. அது அரசாங்கக் கடையாதலால் களங்கம் எனப்படவில்லை. ஜாமீனுக்கு நிற்கச் சபையிலிருந்து ஒருவரும் முன்வரவில்லை. போகும்படி நாமும் யாரையும் கேட்கவில்லை. பிரிவு 64ஏ என்ற வாசலை ஒரு வழக்கறிஞரிடம் விசாரித்து அறிய ஒரு பேருந்துப் பயணம் போதுமானதாயிருந்தது. அப்பயணத்தை நாம் மேற்கொள்ளவில்லை.

சில வாரங்களுக்குப் பின் அவர் வெளிவந்தார். சிறையில் பொட்டலக்காரர் பலரின் அறிமுகம் கிடைத்திருந்தது. ஊரில் வேலை கிடைக்கவில்லை. ஒரு மாதம் வீட்டுக்குள்ளேயே கிடந்துவிட்டு ஓரிரவு புறப்பட்டுப் போனார். கேரளத்தில் இருப்பதாகச் சிலர் சொன்னார்கள். இன்றுவரை தாய்க்குக் கடிதமோ தொலைபேசியோ இல்லை.

அத்தாய் ஆலயத்தைக் கூட்டிப் பெருக்கிவந்தவர். ஒரு சனிக்கிழமை மாலை விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டு நம்மிடம் கேட்டார்: "ஐயா, கமிட்டியெல்லாம் கூடி எழுதுனீங்க. எம்புள்ளய ஒரு வார்த்த கேட்டீங்களா?"

நிக்கொதேமுவின் கேள்வியை இறையியல் கல்லூரியில் கிரேக்க மொழியில் கற்றவர் நாம். அதைக் கற்பித்தவரும் நாம். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு தாயின் வாயிலிருந்து அது நமக்கு முதன்முறையாகக் கேட்டது.

மாற்று வழிகள்: கண்டதும் காணாததும்

இவ்வாறு எழுதுவதால், கஞ்சாவைத் தடையின்றி விற்கலாம் என்று நாம் சொல்வதாக யாரும் கருத வேண்டாம். மாற்று வழிகள் எவை, அவை எங்கே பயன் தந்தன, எங்கே தவறின என்பதை அறிந்து பேச வேண்டும் என்றே சொல்கிறோம்.

போர்ச்சுகல் நாடு 2001 முதல், சொந்தப் பயன்பாட்டுக்காகச் சுமார் 10 நாள் அளவுக்குட்பட்ட போதைப்பொருள் வைத்திருப்பதைக் குற்றவியல் நீதிமன்றத்திலிருந்து நீக்கியது. பொருள் அங்கே அனுமதிக்கப்பட்டுவிடவில்லை. விற்பனை இன்றும் குற்றமே. பிடிபட்டவர் சட்டம், உளவியல், சமூகப்பணி அறிந்த சிலர் கொண்ட குழுவின் முன் நிற்கிறார். அக்குழு அவரிடம் பேசி, அடிமைப்பட்டவராயின் சிகிச்சைக்கு வழிகாட்டுகிறது. கேட்டபின் தீர்ப்பது என்ற நெறி அங்கே சட்டமாகியுள்ளது. சிகிச்சை நிலையங்களை விரிவாக்கியதோடு இணைந்தே அத்திட்டம் பயன் தந்தது.

மறுபுறம் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலம் 2020 ஆம் ஆண்டு மக்கள் வாக்கெடுப்பினால் இதேபோன்ற வழியை மேற்கொண்டது. சிகிச்சை வசதிகள் ஆயத்தமாகுமுன் தண்டனை நீக்கப்பட்டது. தெருக்களில் வெளிப்படையான பயன்பாடு மக்களைச் சலிப்படையச் செய்தது. 2024 ஆம் ஆண்டில் அம்மாநிலம் மீண்டும் அதனைக் குற்றமாக்கியது. மருத்துவமனை கட்டாமல் சிறைக் கதவைத் திறப்பதும் முழுமையான மாற்றாகாது என்பது இதிலிருந்து பெறப்படும்.

நம் நாட்டிலேயே கிறிஸ்தவர் பெரும்பான்மையினராகவும் திருச்சபை செல்வாக்குள்ளதாகவும் இருக்கும் மிசோரமின் மதுவிலக்கு வரலாறு ஆயர்கள் படிக்கத்தக்கது. 1995 ஆம் ஆண்டு முழு மதுவிலக்குச் சட்டம் அங்கே இயற்றப்பட்டது. 2014 ஆம் ஆண்டுச் சட்டம் கடைகளுக்கு இடமளித்தது. 2019 இல் மதுவிலக்கு மீண்டும் வந்தது. 2025 இல் உள்ளூர் அரிசியிலும் பழங்களிலும் செய்யும் மென்மதுவுக்கு வழிவிடும் திருத்தம் வந்தது. திருச்சபை கேட்ட சட்டம் கிடைத்த இடத்திலும் கேள்வி முடிந்துவிடவில்லை.

தமிழகத்தின் கதையும் இதனினும் நேரானதன்று. 1937 அக்டோபர் 1 அன்று ராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். 1971 இல் அது தளர்த்தப்பட்டது, பின் மீண்டும் வந்தது, மீண்டும் தளர்ந்தது. 2003 முதல் அரசு நிறுவனமான டாஸ்மாக்கே சில்லறைக் கடைகளை நடத்திவருகிறது. 2023–24 ஆம் ஆண்டில் அதன்வழி அரசு பெற்ற வருவாய் 45,000 கோடி ரூபாய்க்கு மேல். அவ்வளவு கடைகள் இருந்தும், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த மலிவுச் சாராயம் குடித்து 60 பேருக்கு மேல் மாண்டனர். அம்மாத முடிவுக்குள் தண்டனையைக் கடுமையாக்கும் திருத்த மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறியது. தண்டனை தேவையில்லை என்று யாரும் சொல்லார். கூலித் தொழிலாளி ஏன் அந்தப் பொட்டலத்தைத் தேடிப் போகிறான் என்று கேட்பதற்கு அந்தச் சில நாள்கள் போதுமா என்பதே நம் வினா.

2019 ஆம் ஆண்டில் புதுதில்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தார் வெளியிட்ட நாடளாவிய ஆய்வு ஒன்றும் சிந்திக்கத்தக்கது. 10 முதல் 75 வயதுவரை உள்ளோருள் மது அருந்துவோர் 14.6 விழுக்காடு, கஞ்சா வகைப் பொருள்களைப் பயன்படுத்துவோர் 2.8 விழுக்காடு. மதுவுக்கு அடிமைப்பட்டோருள் எவ்வகையிலேனும் சிகிச்சை பெற்றோர் 38 பேருக்கு ஒருவர். நம் தீர்மானங்கள் இந்த 38 பேருள் விடுபட்ட 37 பேரைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. தண்டனைக் கேள்வியிலேயே நம் சிந்தை முழுதும் நின்றுவிடுகிறது.

ஒரு தடை

இப்பொருளைப் பொதுவில் விவாதித்தால் இளைஞர் அதனை அனுமதி என்று கொள்வர் என்று மூத்த ஆயர் சிலர் அஞ்சுகின்றனர். அந்த அச்சத்தை நாம் எளிதாய்த் தள்ளவில்லை. ஆனால் நாம் பேசாதிருந்த காலத்தில் இளைஞர் அறியாதிருந்தனரா? புதுக்கோட்டைக் கடற்கரை வழியே இலங்கைக்குக் கடத்தப்படும் கஞ்சா பிடிபடும் செய்தி நாளேடுகளில் அடிக்கடி வருகிறது. உள்ளூர்க் கிராமங்களிலும் பொட்டலம் கிடைக்கிறது. விற்பவன் தன் தரப்பை இளைஞனிடம் தாராளமாகப் பேசுகிறான். பேசாதிருப்பவர் நாம் மட்டுமே. மேலும், மதுவிலக்குச் சட்டம் வந்தபோது திருவிருந்துத் திராட்சரசத்துக்கு விலக்கு வேண்டும் என்று சபைகள் காரணம் காட்டின, சட்டமும் இடமளித்தது. நம் தேவைக்காகச் சட்டத்தோடு வாதாட அறிந்த நாம், பிறர் மகனுக்காக வாதாடுவதை மட்டும் ஒழுக்கக்கேடு என்பது நேர்மையாகாது.

செய்யத்தக்கவை

முடிவாகச் சிலவற்றை முன்வைக்கிறோம். இவற்றுக்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை.

முதலாவது, போதைப்பொருள் பற்றித் தீர்மானம் இயற்ற விரும்பும் சபையோ பேராயமோ, அதற்குமுன் நான்கு பேரையேனும் அமர்த்திக் கேட்கட்டும்: பழக்கத்திலிருந்து மீண்டவர் ஒருவர், அத்தகையவரின் தாயோ மனைவியோ ஒருவர், மருத்துவர் ஒருவர், காவல் துறையிலோ நீதிமன்றத்திலோ பணிசெய்பவர் ஒருவர். கேட்டதை நடவடிக்கைப் புத்தகத்தில் எழுதட்டும். கேட்டபின் முன்பிருந்த முடிவுக்கே வந்தாலும் அது வேறு தீர்மானமாயிருக்கும்.

இரண்டாவது, இறையியல் கல்லூரிகள் ஆயர்பணிப் பாடத்தில் இச்சட்டத்தின் பிரிவுகள் 27, 39, 64ஏ ஆகியவற்றைக் கற்பிக்கட்டும். கல்லறை ஆராதனை நடத்தக் கற்பிக்கும் நாம், ஒருவன் கைதான இரவில் அவன் வீட்டில் என்ன சொல்ல வேண்டும் என்பதையும் கற்பிக்க வேண்டாமா?

மூன்றாவது, சிகிச்சைக்கு இடம் தருவோம். 1980 ஆம் ஆண்டு சாந்தி ரங்கநாதன் சென்னையில் தொடங்கிய டி. டி. ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தார், திருவாரூர் மாவட்டத்து மஞ்சக்குடி போன்ற கிராமங்களில் முகாம் அமைத்துக் குடியடிமைகளுக்குச் சிகிச்சை அளித்துள்ளனர். வாரத்தில் ஆறு நாள் பூட்டிக்கிடக்கும் நம் ஆலய மண்டபங்கள் இத்தகைய பணிக்குத் தகாதவையா?

நான்காவது, சட்டமன்ற, பாராளுமன்ற உறுப்பினர்களிடம் சபைகள் மனுக்கொடுக்கும்போது, இன்னும் கடுமையாக்குங்கள் என்றோ தளர்த்துங்கள் என்றோ கேட்பதற்குமுன், 1893 ஆம் ஆண்டுக் குழுவைப்போல ஊர் ஊராய்ச் சென்று கேட்கும் குழுவொன்றை அமைக்கக் கோருவோம். இம்முறை அதில் பெண்களும் இருக்கட்டும். பழக்கத்தில் சிக்கியவர்களும் தம் வாயால் பேசட்டும்.

நம்மைப் பொறுத்தவரை ஒரு சிறு கடமை இருந்தது. கடந்த ஆண்டு அச்சபைக்குச் சென்று, இப்போதைய ஆயரின் இசைவோடு, அதே கமிட்டியைக் கூட்டுமாறு வேண்டினோம். இரண்டு மணி நேரம் பேசினோம். சிலர் சினந்தனர், ஒருவர் எழுந்து போனார், போனவர் சற்று நேரத்தில் திரும்பி வந்து, தம் குடியைப் பற்றித் தாமே பேசினார். முடிவில் பழைய தீர்மானத்தின் ஓரத்தில் ஒரு வரி சேர்க்கப்பட்டது: மேற்படி வாலிபரைக் கேளாமல் இத்தீர்மானம் இயற்றப்பட்டபடியால் அது ரத்து செய்யப்படுகிறது. அதன் கீழும் கையொப்பமிட்டோம். அந்த மையினால் அவர் திரும்பி வந்துவிடவில்லை. அவருடைய தாய் இன்றும் சனிக்கிழமைதோறும் ஆலயத்தைக் கூட்டுகிறார். அவரிடம் அந்த வரியை வாசித்துக் காட்டினோம். இன்னொரு தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டார்.